ஆட்டம் கண்ட நெக்: பழைய ஜப்பானிய எலக்ட்ரிக் கிட்டாரின் இணைப்பைச் சரிசெய்வது

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஜப்பானிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலைப்பகுதியை இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்து, கூடவே சுருதியும் மாறினால், நெக்கும் (கிட்டாரின் நீண்ட கழுத்து) பாடியும் (உடல்) சேருகிற இடம் ஆட்டம் கண்டுவிட்டது என்று பொருள். இன்றைக்கு அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

1960களில் டெய்ஸ்கோ, கயாடோன், கவாய் போன்ற பெயர்களில் ஏராளமான கிட்டார்கள் வெளிவந்தன. 1967இல் டெய்ஸ்கோவை கவாய் வாங்கிக்கொண்டது. நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில் ஃபுஜிஜென், மட்சுமோகு ஆகிய தொழிற்சாலைகள் பல பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுத்தன. மட்சுமோகு அதற்கு முன்பு தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த இடம், ஆகவே மரவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை மலிவான மாடல்களில் பாடிக்கு லுவான் மரமோ பிளைவுட்டோ போட்டார்கள். லுவான் மென்மையானது, நார் நாராகக் கிழியும். பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். அந்த மரத்தில் வெட்டிய பள்ளத்தில்தான் கெட்டியான நெக் உட்காருகிறது. 0.010 முதல் 0.046 அங்குலம் வரை தடிமன் கொண்ட சாதாரணக் கம்பி செட் போட்டுச் சுருதி சேர்த்தால் ஏறத்தாழ 45 கிலோ இழுவிசை அந்த இடத்தில் இரவும் பகலும் நிற்கும்.

இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு, அதன் வழியாக நான்கு ஸ்க்ரூ. அவை பாடியைச் சும்மா கடந்துபோய், நெக்கின் அடிப்பகுதியில், அதாவது ஹீலில், மட்டும் கடிக்க வேண்டும். ஹீலைப் பள்ளத்தின் தரையோடு இழுத்து அழுத்துவதோடு ஸ்க்ரூவின் வேலை முடிந்தது. நெக்கை அசையாமல் பிடிப்பது மரத்தோடு மரம் உரசி நிற்கும் அந்த அழுத்தம்தான். ஆட்டம் வந்தால் 'ஸ்க்ரூவை இன்னும் இறுக்கு' என்று கை பரபரக்கும். முன்பு ரிப்பேர் செய்தவர் அப்படி இறுக்கித்தான் பெரும்பாலும் மரையைக் கெடுத்திருப்பார்.

கழற்றும்போதே கவனம் தேவை. கம்பிகளை முழுதாகத் தளர்த்துங்கள். ஜப்பானிய ஸ்க்ரூக்களின் சிலுவைப் பள்ளம் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில்தர அளவில் வெட்டப்பட்டது. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுதாக உட்காராது. திருகும்போது மேலே ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜே.ஐ.எஸ். முனை கொண்ட திருப்புளியே வேண்டும். நான்கு ஸ்க்ரூவையும் எந்த ஓட்டையில் இருந்தன என்று குறித்து வையுங்கள், யாரோ நீளம் குறைந்த ஒன்றை இடையில் மாற்றியிருக்கலாம்.

நெக் பள்ளத்தில் இறுகிக்கிடந்தால் பக்கவாட்டில் ஆட்டி எடுக்கவே கூடாது, பள்ளத்தின் சுவர் உடைவது அப்படித்தான். நான்கு ஸ்க்ரூவையும் ஐந்து மி.மீ. அளவு தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றின் தலையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மரை நெக்கைப் பிடித்திருப்பதால், நெக் நேராக மேலே எழும்பி வரும். வெளியே வந்தபின் பள்ளத்தின் தரையிலும் ஹீலின் அடியிலும் பென்சில் குறி, முத்திரை, எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை உப்புத்தாளால் தொடாதீர்கள். கிட்டாரின் வயதைச் சொல்வது அதுதான்.

இனி, குறை எங்கே என்று தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டிய ஒன்றை எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஸ்க்ரூவைப் பாடியின் ஓட்டையில் விடுங்கள். கை விட்டதும் மறுபக்கம் வந்துவிட வேண்டும். திருகித்தான் உள்ளே போகிறது என்றால் பாடியிலும் மரை கடிக்கிறது. அப்போது நெக்குக்கும் தரைக்கும் இடையே முடியளவு இடைவெளி இருந்தாலும், இரண்டு பக்கமும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு திருகினாலும் அந்த இடைவெளி மூடாது. ஸ்க்ரூ இறுகிய மாதிரி கைக்குத் தோன்றும், நெக் மட்டும் ஆடும். இதற்குப் பசையும் வேண்டாம், ஓட்டையை அடைக்கும் மர முளையும் வேண்டாம். ஸ்க்ரூவின் விட்டத்தை அளந்து, அதைவிட 0.3 மி.மீ. பெரிய ஓட்டையாக்கினால் போதும். 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5 மி.மீ. ட்ரில் பிட். பின்பக்க வார்னிஷ் கெட்டியான பாலியெஸ்டராக இருந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அங்கே டேப் ஒட்டி, ட்ரில்லை முதல் சில சுற்று எதிர்த்திசையில் ஓட்டி வார்னிஷை அறுத்தபின் துளையுங்கள். பள்ளத்துக்குள் ஓட்டையைச் சுற்றி மரம் வளையம் போல மேலெழும்பி நிற்கும். கூம்பு முனை கொண்ட கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி அதைச் சீவிவிடுங்கள். அந்தச் சின்ன மேடே ஹீலைத் தரையில் படியவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, நெக்கில் மரை தேய்ந்துபோவது. பல்குச்சியைப் பசையில் தோய்த்துத் திணிப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கதவுத் தாழ்ப்பாளுக்கு அது போதும், 45 கிலோ இழுவிசைக்குப் போதாது. கடையில் விற்கும் உருளை முளையும் சரிப்படாது, அதில் நார் முளையின் நீளவாக்கில் ஓடுகிறது, ஸ்க்ரூ நார்களுக்கு இடையே நுழைகிறது. மரை நாரைக் குறுக்கே கடித்தால்தான் பிடிப்பு. ஆகவே மேப்பிள் பலகையின் தட்டையான முகத்தில் இருந்து, முளை வெட்டும் பிட் கொண்டு 8 மி.மீ. முளை வெட்டுங்கள். ஸ்க்ரூ ஓட்டைகள் ஹீலின் ஓரத்தில் இருந்து ஒன்பது பத்து மி.மீ. தள்ளித்தான் இருக்கும், அதனால் 10 மி.மீ.க்கு மேல் போனால் ஓரச்சுவர் மெலிந்துவிடும்.

ஆழத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். ஸ்க்ரூ நீளம் 45, பள்ளத்தின் கீழ் மரம் 28, தகடு 2 மி.மீ. என்றால் நெக்குக்குள் போவது 15 மி.மீ. முளைக்குழி 16 போதும். ஹீல் 25 மி.மீ. கனம் என்றால், மேலே ஃப்ரெட்போர்டும் (விரல் வைத்து வாசிக்கும் பலகை) சேர்ந்து ஒன்பது மி.மீ. மிச்சம் இருக்கும். ஆனால் மெல்லிய பாடி கொண்ட 60களின் மாடல்களில் இந்தக் கணக்கு மாறும், அளக்காமல் துளைத்தால் ஃப்ரெட்போர்டில் பொத்தல் விழும். பிட்டின் நடுமுனை இரண்டு மூன்று மி.மீ. முன்னால் நீண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெக்கின் நடுவே இரும்புப் பட்டையோ, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற கம்பியோ ஓடும், அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்த்தபின் துளையுங்கள்.

முளையின் நார் நெக்கின் நாரோடு ஒரே திசையில் இருக்குமாறு வைத்து, மரவேலைக்கான மஞ்சள் பசை தடவி இறக்குங்கள். வெள்ளைப் பசை தொடர்ந்த இழுவிசையில் மெல்ல மெல்ல நழுவும், அது வேண்டாம். 24 மணி நேரம் கழித்து உளியால் மட்டமாக்குங்கள். புதிய ஓட்டையின் இடத்தைப் பழைய ஓட்டையை நம்பிக் குறிக்காதீர்கள். நெக்கைப் பள்ளத்தில் வைத்து, முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் மாட்டி, இரண்டும் ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் இருந்து சம தூரத்தில் ஓடும்வரை நெக்கைத் திருப்பி, கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பிறகு 4.5 பிட்டைப் பின்பக்க ஓட்டைகள் வழியே விட்டு, கையால் சுற்றிப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியில் 3.2 மி.மீ. ஓட்டை. இதைவிடச் சிறிதாகப் போட்டால் கெட்டி மேப்பிள் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே பிளக்கும். ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். சோப்பு தடவுவார்கள் சிலர், அது ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஹீலே பிளந்திருந்தால் முதலில் அதை ஒட்டியபின்தான் முளை. பிளவை லேசாகத் திறந்து, மெல்லிய கத்திமுனையாலோ பல் இடுக்கில் விடும் நூலாலோ பசையை உள்ளே இழுத்து, இரு பக்கமும் கட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். பழைய பசை இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த பசைமேல் புதுப்பசை ஒட்டாது. வெதுவெதுப்பான வினிகர் பெரும்பாலான வெள்ளைப் பசைகளை இளக்கும்.

பள்ளத்தின் சுவரில் தெரியும் கீறலைப் பார்த்துப் பயப்படும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளத்தின் மூலையில் இருந்து ஓடும் கோடு பல நேரம் வார்னிஷில் மட்டுமே இருக்கும். சுவரை விரலால் மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். கோடு விரிந்தால் மரம் உடைந்திருக்கிறது, விரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மரமே உடைந்திருந்தால், பசையை உள்ளே செலுத்தி, ஹீலின் அளவுக்கு வெட்டி மெழுகுத்தாள் சுற்றிய ஒரு கட்டையைப் பள்ளத்தில் வைத்து, வெளிப்பக்கத்தில் இருந்து குறுக்காக கிளாம்ப் போடுங்கள். அசல் நெக்கையே அங்கே வைத்து ஒட்டினால் நெக்கும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிளைவுட்டின் அடுக்கு பிரிந்திருந்தால் இடைவெளி நிரப்ப எபாக்ஸி சரி. சுவரில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால், குழியை உளியால் சதுரமாக்கி, அதே வகை மரத்தில், நார் பாடியின் நீளவாக்கில் ஓடும்படி ஒட்டுத்துண்டு வையுங்கள்.

பள்ளத்தின் தரையில் மடித்த அட்டை, துண்டுக் காகிதம், உப்புத்தாள் துண்டு எல்லாம் கிடக்கும். நெக்கின் சாய்வை மாற்ற யாரோ வைத்தவை. பின்முனையில் மட்டும் ஒரு துண்டு இருந்தால், நடுவில் ஹீலுக்கு அடியில் தாங்கல் இல்லை. வருடக்கணக்கில் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஹீல் வளைந்து, கடைசி ஃப்ரெட்டுகள் (ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேலே எழும்பும். சாய்வு தேவைதான் என்றால், பள்ளம் முழுவதையும் நிறைக்கும் மேப்பிள் ஆப்புத் தகடு ஒன்றை ஒரு முனை 0.5 மி.மீ., மறுமுனை பூஜ்யமாக இழைத்து வையுங்கள். 0.5 மி.மீ. அற்பம் என்று நினைக்க வேண்டாம். நீளம் 75 மி.மீ. பள்ளம், 628 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), நெக் 16ஆவது ஃப்ரெட்டில் பாடியோடு சேர்கிறது என்றால், பின்முனையில் வைத்த அந்த 0.5, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஏறத்தாழ 1.7 மி.மீ. உயர்த்தச் சொல்லும். பிரிட்ஜை அடிமட்டம்வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருக்கும் கிட்டாருக்கு இதுதான் மருந்து.

70களின் பிற்பகுதியில் பசையால் ஒட்டிய நெக் உள்ள மாடல்களும் அதிகமாயின. அங்கே இணைப்பில் காகிதம் நுழையும் இடைவெளி தெரிந்தால், கம்பியின் இழுப்பில் அது திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அசையாத இடைவெளியை அப்படியே விடலாம். அசைந்தால் நீராவியால் பசையை இளக்கிக் கழற்ற வேண்டும். பிளைவுட் பாடியில் நீராவி அடுக்குகளையும் பிரித்துவிடும் என்பதால், இந்த ஒரு வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழும் சத்தம் கேட்கும், அதன்பின் வலப்பக்கம். இல்லையென்றால் புதிய மரை வெட்டிக்கொண்டு போகும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள், பவர் ட்ரில் வேண்டாம். கம்பிகளைச் சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு, தலைப்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துங்கள். நெக் தானாகப் பள்ளத்தின் பின்சுவரில் போய்ச் சேரும், சிறு சத்தமும் கேட்கும். உடனே மீண்டும் இறுக்கிவிட்டு முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் நேராக ஓடுகின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

மூன்றாம் நாள் திருப்புளியை வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ சிறிதளவு இறங்கலாம், அது இயல்பு. அரைச் சுற்றுக்கு மேல் இறங்கினால் எங்கோ இன்னும் இடைவெளி இருக்கிறது. நெக்கைக் கழற்றிப் பள்ளத்தின் தரையில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

நன்றி, வணக்கம்.