ஃபுல்லர்ட்டன் தபால் நிலையமாக இருந்தபோது

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரவு விளக்கில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஹோட்டலானது 2001இல்தான். அதற்குமுன் 1996 வரை அங்கே இருந்தது தலைமைத் தபால் நிலையம். நான் பேச வந்தது அதைப் பற்றி.

அந்த இடத்தில் முதலில் இருந்தது ஒரு கோட்டை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்ட்டன் பெயரை அதற்கு வைத்தார்கள். 1843இல் ஆற்று முகத்தில் கிடந்த கல்வெட்டுப் பாறையை வெடிவைத்துத் தகர்த்ததும் அங்கேதான். மிஞ்சிய துண்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. சரி, கட்டடத்துக்கு வருவோம்.

1928 ஜூனில் ஆளுநர் ஹியூ கிளிஃபோர்ட் திறந்து வைத்தார். உயரமான தூண்களை எல்லாரும் படமெடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தரைக்கு அடியில் இருந்தது. அடித்தளத்திலிருந்து சாலைக்குக் கீழே படகுத்துறை வரை ஒரு சுரங்கப்பாதை. தபால் மூட்டைகள் அதன் வழியாகத்தான் போய்வந்தன. மேலே கூடத்தில் சுமார் 300 அடி நீளத்துக்குக் கவுண்டர். தீவின் சாலைகளுக்கு மைல் கணக்கு தொடங்கியதும் இங்கிருந்துதான். மாடியிலோ ஐரோப்பிய வணிகர்களின் சிங்கப்பூர் கிளப். கீழே வரிசையில் நின்று அஞ்சல்தலை வாங்கியவர்களுக்கு அங்கே என்ன வேலை?

1942 பிப்ரவரியில் ஜப்பானியரின் குண்டு விழ விழ, ஆளுநர் ஷென்டன் தாமஸ் அந்தக் கிளப்பில்தான் அடைக்கலம் புகுந்தார். காயம்பட்ட வீரர்களுக்கு அதே கட்டடத்தில் அவசர மருத்துவமனை நடந்தது.

1958இல் கூரைமேல் கலங்கரை விளக்கம் வைத்தார்கள். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பிறகு உயர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்தன, மண் கொட்டிக் கடலைத் தள்ளி வைத்தார்கள். இன்று ஹோட்டல் அறையிலிருந்து தெரிவது கடலே அல்ல, 2008இல் தடுப்பணை கட்டித் தேக்கிய நீர். அப்புறம், விளக்கு இருந்த இடத்தில் இப்போது உணவகம்!

கொஞ்ச தூரம் நடந்தால் மார்க்கெட் ஸ்ட்ரீட். அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகத்தோடு உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தினார்கள். செட்டிநாட்டுக்குக் கடிதமும் எழுதினார்கள். அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. தபால் நிலையமோ 2015இல் தேசிய நினைவுச்சின்னமாகிவிட்டது. 400 அறைகளாக்கி வாடகைக்கு விட முடிந்த கட்டடம் பிழைத்தது. கிட்டங்கியில் ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம் என்பது என் வருத்தம், நீங்கள் மாறுபடலாம்.