தோற்றால் வெளியே

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

லீக் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த ஒரு கால்பந்து அணி, அடுத்த சில வாரங்களில் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நிற்க முடியுமா? 2019-ல் நின்றது. நம்ம சென்னையின் எஃப்.சி.தான். அதற்கு முந்தைய பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன். அடுத்த பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவது. ரசிகர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் சூப்பர் கோப்பை வந்தது. புவனேஸ்வரத்தில் ஏப்ரல் மாதம் இறுதி வரைக்கும் போய், கோவா அணியிடம் 2-1 என்று தோற்றார்கள். அதே தொடரில் கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி, அப்போதைய ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவைக் காலிறுதியிலேயே ஊருக்கு அனுப்பி வைத்தது.

லீக்கில் இது நடக்காது. அங்கே பல மாதக் கணக்கு. இன்று தோற்றதை அடுத்த வாரம் ஈடுகட்டலாம். தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட்டில் தொண்ணூறு நிமிடம், மிஞ்சிப்போனால் கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி. ராத்திரிக்குள் ஓர் அணி மூட்டை கட்டியாக வேண்டும். அதனாலேயே பணக்கார அணிகளுக்கு இந்தக் கோப்பை என்றால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

நம் நாட்டில் கிளப்புகளுக்கான இந்தக் கோப்பைக்கு முதலில் ஃபெடரேஷன் கோப்பை என்று பெயர். 1977-ல் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது கொல்கத்தா அணி அல்ல, பெங்களூருவின் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை அணி! இறுதியில் கொல்கத்தாவின் மோகன் பகானையே சாய்த்தார்கள். அடுத்த ஆண்டு போட்டி கோயம்புத்தூருக்கு வந்தது. மோகன் பகானும் அதே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் இறுதியில் மோதின. இரண்டும் கோல் போடவில்லை. கோப்பையை ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். ஜென்மப் பகையாளிகளை அப்படிக் கூட்டாளி ஆக்கியதை எந்த ரசிகன் ரசித்திருப்பான்?

1990-ல் திருச்சூரில் கேரள போலீஸ் அணி ஜெயித்தது. வி.பி.சத்யன், பாப்பச்சன், ஐ.எம்.விஜயன் எல்லாரும் காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டே பந்து ஆடியவர்கள். விஜயன் சிறுவனாக இருந்தபோது திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். அந்த ஊரிலேயே, கோவாவின் சல்காவ்கரை 2-1 என்று வென்று, கேரளத்துக்கு முதல் ஃபெடரேஷன் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியில் அவரும் இருந்தார். மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. போலீஸ்காரர்கள் இரண்டாம் முறையும் விடவில்லை!

கூட்டம் என்றால் 1997 ஜூலை 13-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, மறுபடியும் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். உள்ளே இருந்தவர்கள் 1,31,000-க்கும் மேல். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வைர வடிவ வியூகம் ஒன்றை வகுத்து, எல்லாரையும் கலங்கடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலில் பி.கே.பானர்ஜி. வாய்ச்சண்டை பல நாளாகப் பத்திரிகைகளில் நடந்தது. ஆட்டத்தில் பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4-1. வைரம் அன்றைக்குக் கண்ணாடித் துண்டாகப் போனது. ஆனால் கோப்பை? இறுதியில் ஈஸ்ட் பெங்காலை சல்காவ்கர் 2-1 என்று வென்றுவிட்டது. இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய கூட்டம் பார்த்த வெற்றிக்குக் கையில் ஒரு கோப்பைகூட மிச்சமில்லை. நாக்-அவுட்டுக்கு இரக்கம் கிடையாது.

2017-ல் ஃபெடரேஷன் கோப்பை முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு சூப்பர் கோப்பை பிறந்தது. அதில் நான் ரசித்தது 2024 ஜனவரி இறுதி ஆட்டம். ஒடிசா எஃப்.சி. அவர்களுடைய சொந்த மண்ணான கலிங்கா மைதானத்தில் ஆடுகிறது, முதல் கோலும் அவர்களுக்கே. சமன் செய்த ஈஸ்ட் பெங்கால் வீரர் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். முந்தைய ஆண்டு இதே கோப்பையை ஒடிசாவுக்காக வென்றவர்! பிறகு பெனால்டியில் ஈஸ்ட் பெங்கால் முந்தியது. காயத்துக்கான கூடுதல் நிமிடங்களும் தீரப்போகும் நேரத்தில் ஒடிசாவுக்கும் ஒரு பெனால்டி, 2-2. கூடுதல் நேரத்தில், 111-வது நிமிடத்தில், ஈஸ்ட் பெங்கால் அணித்தலைவர் கிளெய்டன் சில்வா அடித்து முடித்தார். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு தேசியக் கோப்பை.

இத்தனை சுவையான போட்டியை நம் நிர்வாகம் நடத்தும் விதத்தில்தான் எனக்கு வருத்தம். ஒரே ஊரில் கூட்டிவைத்து, லீக் முடிந்த களைப்பிலோ லீக் தொடங்காத இடைவெளியிலோ அவசரமாக முடித்துவிடுகிறார்கள். வெளியூர் அணிகள் ஆடும் நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. 2025 ஏப்ரலில் முதல் சுற்றிலிருந்தே நேரடி நாக்-அவுட் வைத்தார்கள்; அது சரியான முடிவு. அக்டோபரில் கோவாவில் அடுத்த தொடர் வந்தபோது மறுபடியும் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் லீக் மாதிரி புள்ளிக் கணக்கு. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஒரே பிரிவில். ஈஸ்ட் பெங்காலுக்கு டிரா போதும், 0-0. கோயம்புத்தூர் ஸ்கோர் மாதிரியே! முன்னேற்றத்தைத் தீர்மானித்தது கோல் வித்தியாசம், அதாவது வேறு அணிகளோடு ஆடிய ஆட்டங்களின் கணக்கு.

பரிசு சிறியதும் அல்ல. 2025 ஏப்ரலில் வென்ற கோவா, அந்த வெற்றியால் கிடைத்த வாய்ப்பில் ஓமானின் அல் சீப் அணியைத் தாண்டி ஆசிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ-வுக்குள் நுழைந்தது. அதனால்தான் சவூதியின் அல் நஸர் கோவாவின் ஃபதோர்தா மைதானத்துக்கு வந்தது. அந்த அணியின் நட்சத்திரம் ரொனால்டோ வரவில்லை என்று பலருக்கு ஏமாற்றம். கோவா ஒரு கோல் போட்டு, 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது.

நிர்வாகத்தாரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பிரிவு ஆட்டம் வேண்டாம். பட்டியலில் கீழே இருக்கும் அணிக்குச் சொந்த மைதானத்தைக் கொடுங்கள், பெரிய அணி ரயிலேறி அங்கே போகட்டும். வார நடுவில், லீக் நடக்கும்போதே, மாதம் ஒரு சுற்று வைத்தால் போதும். கோயம்புத்தூருக்கு மறுபடியும் ஒரு காலிறுதி வந்தால் டிக்கெட் விற்காது என்று யாராவது சொன்னால், நான் நம்பமாட்டேன்.

நன்றி, வணக்கம்.