வயதையே தப்பாக எழுதிய கடிதமும் நீங்கள் எழுதப் பயப்படும் அசைன்மென்ட்டும்

கும்பகோணத்தில் ஒரு காலேஜ் பையன். கணக்கில் புலி. ஆனால் இங்கிலீஷ் காம்போசிஷன், அதாவது கட்டுரை எழுதுகிற பேப்பரில், ஃபெயில். ஸ்காலர்ஷிப் போய்விட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டான். சில வருடம் கழித்து அதே பையன் இங்கிலீஷிலேயே ஒரு கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதம் அவனைக் கேம்பிரிட்ஜ் வரைக்கும் கொண்டுபோய்விடுகிறது. வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கடிதத்தில் அவன் வயதே தப்பு!

யார் என்று பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பீர்கள். கமெண்டில் போட்டு உடைத்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் நானே வருகிறேன்.

அதற்கு முன்னால் என் கதை. முதல் வருடம், ஹாஸ்டல் அறை, ராத்திரி பதினொரு மணி. காலையில் அசைன்மென்ட் வைக்க வேண்டும். ஏ4 பேப்பர் பத்து வாங்கி வந்தேன். பத்திலும் பென்சிலால் மார்ஜின் போட்டேன். முன்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு, அதற்கு நிழல் விழுகிற மாதிரி ஒரு டிசைன், கீழே பெயர், ரெஜிஸ்டர் நம்பர், நான்கு மூலையிலும் பூ. மணி பன்னிரண்டரை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். காலி. ஒரு மணிக்கும் காலி. அப்புறம் என்ன, சீனியரின் பழைய அசைன்மென்ட்டைத் தேடிப் போனேன். என்னைவிடப் பெரிய ஆள் என் ரூம்மேட். அவன் அதைக் காப்பி அடித்த வேகத்தில் கடைசிப் பக்கத்தில் சீனியர் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டான்.

இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் எழுத வராதா? மெஸ் சாம்பாரைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் டைப் செய்ததைத் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம். அங்கே நடுங்காத கை பேப்பரைப் பார்த்தால் மட்டும் ஏன் நடுங்குகிறது?

இந்தப் பயத்துக்கு ஆராய்ச்சியெல்லாம் இருக்கிறது. 1975-லேயே ஜான் டேலி, மைக்கேல் மில்லர் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் 26 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் போட்டு, யாருக்கு எழுதுவதில் எவ்வளவு பயம் என்று அளந்தார்கள். சரி, அது போதும். எனக்குப் பிடித்த ஆள் அடுத்து வருகிறார்.

மைக் ரோஸ். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 10 பேரிடம் உட்கார்ந்து பேசி, 1980-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பத்தில் 5 பேருக்கு எழுத உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும். மற்ற 5 பேருக்கு ஓடும். அதில் ஒரு பெண் முதல் பாராவோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறாள். ஒரு வாக்கியம் எழுதுவாள், அழிப்பாள். இன்னொன்று எழுதுவாள், பாதியை அடிப்பாள். ராத்திரி பத்து மணி வாக்கில் ஒருவழியாகப் பாரா முடியும். படித்துப் பார்த்துவிட்டு, 'ம்ஹூம், இதைப் படிக்கிறவர்களுக்குப் போரடித்தே உயிர் போய்விடும்' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். இன்னொரு பெண் எழுதுவதற்கு முன்னால் ஒரு திட்டம் போடுவாள் பாருங்கள், டிஎன்ஏ படம் மாதிரி அத்தனை சிக்கல். அதைப் போட்டு முடிக்கவே நாள்கணக்கில் ஆகும். எழுத மிச்சம் இருப்பது சில மணி நேரம்தான். நான் பூ வரைந்தது ஞாபகம் வருகிறதா?

ரோஸ் கண்டுபிடித்தது இதுதான்: அடைத்துக்கொண்டவர்கள் மக்குகள் இல்லை. அவர்கள் தலைக்குள் சில விதிகள் கல்வெட்டு மாதிரி உட்கார்ந்திருந்தன. முதல் வரியிலேயே ஆளை இழுக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் எழுதும்போதே சரியாக வர வேண்டும். மற்ற ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன, ஆனால் ஒத்துவராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழி பார்த்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நம் தலையில் இருக்கும் கல்வெட்டு என்ன? 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதவும்.' ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டதுதானே! கட்டுரை என்றால் குறிப்புச்சட்டகம், முன்னுரை, நடுவில் நான்கு துணைத்தலைப்பு, முடிவுரை. எல்லாம் நோட்ஸில் இருக்கும், மனப்பாடம் செய்து அப்படியே கொட்டுவோம். லீவ் லெட்டரும் அதே கதைதான். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அண்ணன் கல்யாணமாக இருந்தாலும் காய்ச்சல்தான், கோயில் கொடையாக இருந்தாலும் காய்ச்சல்தான். வேறு காரணத்துக்கு நமக்கு இங்கிலீஷ் தெரியாது!

இப்படிப் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டுக் காலேஜுக்கு வந்தால், 'நீ என்ன நினைக்கிறாய், எழுது' என்கிறார்கள். அதுவும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவனிடம், இங்கிலீஷில். பயப்படாமல் என்ன செய்வான்?

ஆனால் ஒரே ஓர் இடத்தில் நாம் யாருமே பயப்பட்டதில்லை. ரஃப் நோட்!

அதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். போன வருட நோட்டில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தது. அட்டை பாதி இருக்கும், பாதி இருக்காது. முன்பக்கம் பெருக்கல் கணக்கு, நடுவில் அறிவியல் படம், கடைசிப் பக்கத்தில் ஃபிளேம்ஸ். பக்கத்து பெஞ்சுப் பெயரோடு நம் பெயரை எழுதி எழுத்தை அடித்து விளையாடுவோமே, அதேதான். அந்த நோட்டில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல்! எந்த வாத்தியாரும் சிவப்பு மையைத் தொட்டதில்லை. கணக்குப் பரீட்சையில்கூட ஓரமாகக் கோடு போட்டு ரஃப் ஒர்க் செய்வோம். கணக்குக்கு ரஃப் உண்டு. கட்டுரைக்கு மட்டும் ஏன் யாரும் ரஃப் கற்றுக்கொடுக்கவில்லை? என் கோபமே இதுதான். நமக்கு எழுதுவதில் பயம் இல்லை சார், நேராக ஃபேர் நோட்டில் எழுதச் சொன்னதில்தான் பயம்.

இங்கேதான் நம் கும்பகோணத்துப் பையன் வருகிறான். ஆமாம், ஸ்ரீனிவாச ராமானுஜன். பேப்பர் வாங்கக் காசு கிடையாது. சிலேட்டில் கணக்குப் போடுவார். தப்பு வந்தால் துணி எடுத்துத் துடைக்கக்கூட நேரமில்லை, முழங்கையாலேயே ஒரு தேய்ப்பு. விடை வந்த பிறகுதான் அது நோட்டுக்குப் போகும். உலகமே இன்றைக்கும் புரட்டிக்கொண்டிருக்கும் அந்த நோட்டுகளுக்கு ரஃப் நோட் ஒரு சிலேட்டும் ஒரு முழங்கையும்!

கடிதத்துக்கு வருவோம். 1913 ஜனவரி 16, மெட்ராஸ். கேம்பிரிட்ஜில் இருக்கும் கணித மேதை ஹார்டிக்கு எழுதுகிறார். முதல் வரியில் பொன்மொழி இருக்கிறதா? கணிதத்தின் மேன்மை இருக்கிறதா? ஒன்றும் இல்லை. நான் மெட்ராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க், வருடச் சம்பளம் 20 பவுண்டுதான், வயது சுமார் 23. அவ்வளவுதான் தொடக்கம். பிறந்தது 1887 டிசம்பர் 22. நீங்களே கழித்துப் பாருங்கள், 25 முடிந்துவிட்டது! ஏன் அப்படி எழுதினார் என்பது இருக்கட்டும். ஹார்டி அந்த வரியைத் தாண்டி உள்ளே இருந்த தேற்றங்களைப் பார்த்து ஆடிப்போனார். நீங்களோ 'இன்ட்ரொடக்‌ஷன் எப்படித் தொடங்குவது' என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பீட்டர் எல்போ என்று ஒரு பேராசிரியர். மாணவராக இருந்தபோது எழுத வராமல் ஹார்வர்டில் முனைவர் பட்டப் படிப்பையே பாதியில் விட்டுவிட்டு வந்தவர். 1973-ல் அவர் பரவலாக்கிய பயிற்சி இது: 10 நிமிடம் அலாரம் வையுங்கள். கை நிற்கக் கூடாது. பின்னால் போய் அடிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒன்றும் தோன்றவில்லை, ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதுங்கள்.

நான் இதில் ஒரு லோக்கல் சரக்கு சேர்ப்பேன். முதல் ரவுண்டை நண்பனுக்குச் சொல்கிற மாதிரி எழுதுங்கள். 'மச்சான், இந்த பம்ப் எக்ஸ்பெரிமென்ட்டில் என்ன ஆச்சுன்னா, வால்வைத் திறக்கத் திறக்க ரீடிங் இறங்கிக்கிட்டே போச்சுடா.' தமிழ், இங்கிலீஷ், தங்கிலீஷ் எதுவும் பரவாயில்லை. அப்புறம் வேறு பேப்பரில் மச்சானை எடுங்கள், வரிசையைச் சரிசெய்யுங்கள், கடைசியாக இங்கிலீஷ் இலக்கணம். இந்தக் கடைசி வேலைக்கு வேண்டுமானால் சாட்ஜிபிடியைக் கூப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ரஃப்பையே அதை எழுதச் சொன்னீர்கள் என்றால் நீங்கள் என் ரூம்மேட். அவன் கதிதான் உங்களுக்கும்.

இன்ட்ரொடக்‌ஷனைக் கடைசியில் எழுதுங்கள். முன்பக்கத்துப் பூவை அதற்கும் கடைசியில்.

வீடியோவை லைக் செய்வது உங்கள் இஷ்டம். ஆனால் இப்போதே பத்து நிமிட ரவுண்டு ஒன்று ஓட்டி, அதில் இருப்பதிலேயே மட்டமான வரியைக் கமெண்டில் போடுங்கள். மட்டமோ மட்டமான வரிக்கு நான் ஹார்ட் போடுவேன்.

நியாயத்துக்கு என்னுடையதையும் காட்டிவிடுகிறேன்.

(திரையில்: கோடு போட்ட நோட்டுத் தாள். பாதி அடிக்கப்பட்டிருக்கிறது, ஓரத்தில் டீ கறை.)

இது இந்த வீடியோவுக்கு நான் எழுதிய முதல் ரஃப். முதல் வரியைப் படிக்கிறேன்: 'வணக்கம் மக்களே, எழுத்து என்பது மனித குலத்துக்குக் கிடைத்த மாபெரும்...' அதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தில், 'சீ, லீவ் லெட்டரே தேவலாம்.'