கை இறுகும்போது மாதாந்திர நன்கொடையை நிறுத்துவது பொறுப்பே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கிற அக்காமார், அண்ணன்மாருக்கும், கோயில் நோம்பி சாட்டின கையோடு இந்த மேடையையும் போட்டுக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

“கை இறுக்கமான காலத்தில், மாசாமாசம் கொடுத்து வந்த நன்கொடையை நிறுத்துவது பொறுப்பா, கைவிடுதலா?” இதுதான் தலைப்பு. பொறுப்பு என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா உருக்கமாகப் பேசினாங்க. மாசம் ஐநூறு என்பது ஒரு நாளைக்கு ஒரு டீக்காசு என்றாங்க. கொடுப்பதாகச் சொன்னது வாக்கு, வாக்குத் தவறலாமா என்று கேட்டாங்க. நீங்கள் நிறுத்தினால் அங்கே ஒரு குழந்தையின் தட்டு காலி என்றாங்க. கடைசியாக, ஒருமுறை நிறுத்தினவன் திரும்பத் தொடங்க மாட்டான் என்றாங்க. நான்குக்கும் பதில் இருக்குதுங்க. அதற்கு முன்னால் இந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர் நின்றால் முதலில் போவது ஓவர்டைம். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் வேலை. அப்புறம் இன்னொரு நாள். சனிக்கிழமை கையில் வாங்குகிற சம்பளம் அப்படித்தான் சுருங்கும். 2022-இல் சோமனூர், பல்லடம் பக்கம் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோதும் இதே கதைதான். நாங்கள் பேசுவது இந்த மனுசர்களைப் பற்றி. காசு இருந்தும் கொடுக்க மனம் இல்லாதவர்களுக்கு எங்கள் அணி வக்காலத்து வாங்கவில்லை.

இப்போது அந்த டீக்காசுக்கு வருவோம். ஒரு கணக்கு சொல்கிறேன், எடுத்துக்காட்டுக்காகத்தான். 5-ஆம் தேதி காலையில் ஒருவர் கணக்கில் 3,520 ரூபாய் இருக்கிறது. அன்றைக்கே நன்கொடை 500, வண்டித் தவணை 3,200 இரண்டும் பிடித்தமாக வேண்டும். எது முக்கியம் என்று வங்கிக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. முதலில் வந்தது முதலில் போகும். நன்கொடை 500 போனால் மிச்சம் 3,020. தவணை வந்து தட்டும்போது 180 ரூபாய் குறைகிறது. அந்த 180-க்காக 3,200-உம் திரும்பும். திருப்பின கட்டணம் 250 என்று வையுங்க; பல வங்கிகளில் அதற்கு மேலேயே இருக்கிறது. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 45. ஆக 295. பைனான்ஸ்காரர் தன் பங்குக்குத் தனியாக ஒரு பவுன்ஸ் கட்டணம் போடுவார். தவணை தள்ளிப்போனது சிபில் என்கிற கடன் பதிவில் ஏறும். நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு கறை எதிரில் வந்து நிற்கும். ஏனுங்க அக்கா, இது டீக்காசுங்களா?

சரி, கடன் வாங்கியாவது கொடுக்கலாம் என்பீங்க. நம்ம ஊரில் ரெண்டு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் ரெண்டு. ஐநூறுக்கு மாசம் பத்து ரூபாய். மாசாமாசம் ஐநூறு ஐநூறாக வாங்கி ஒரு வருசம் நன்கொடை கொடுத்தால், முதல் ஐநூறுக்கு 12 மாச வட்டி, அடுத்ததுக்கு 11, இப்படிக் கூட்டினால் 78 பத்துகள். 780 ரூபாய். ஆறாயிரம் தர்மம் செய்ய வட்டிக்காரருக்கு 780 தர்மம். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது கஞ்சத்தனத்துக்காக இல்லைங்க. அளக்காமல் போட்டால் அடுத்த முறை போடக் கையில் இருக்காது.

இதைவிட மோசமான வழி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. நிறுத்துகிறேன் என்று சொல்லக் கூச்சம். அதனால் கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் தானாக நின்றுவிடும் என்று இருப்பது. நிற்காதுங்க! மேண்டேட், அதாவது மாசாமாசம் தானாகப் பிடித்துக்கொள்ள நாம் கொடுத்த சம்மதம், உயிரோடு இருக்கும் வரைக்கும் பிடித்தம் மாசாமாசம் வந்து தட்டும். சில நிறுவனங்கள் அதே மாசத்தில் மறுபடியும் அனுப்பும். இரண்டு முறை திரும்பினால் 295, 295 என்று 590. ஐநூறு கொடுக்க முடியாதவர் 590 கட்டுகிறார், தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பைசா போகவில்லை. திரும்பின பிடித்தத்துக்கு அந்த நிறுவனத்திடமும் அவர்கள் வங்கி கட்டணம் வாங்கும். உதவ நினைத்தவரே அவர்களுக்குச் செலவு வைக்கிறார். சொல்லாமல் பவுன்ஸ் ஆக விடுவதைத்தான் நான் கைவிடுதல் என்பேன். முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவது அதற்கு நேர் எதிர்.

எப்படி நிறுத்துவது என்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கிட்டிருக்கிற அம்மிணிகளுக்கும் அண்ணன்களுக்கும் உதவும். முதலில், காசு எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும். பாஸ்புக்கில் ‘நாச்’ (NACH) அல்லது ‘ஈசிஎஸ்’ (ECS) என்று இருந்தால் அது வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பிடிக்கிற வங்கி மேண்டேட். கூகுள் பே, போன்பே வழியாகப் போனால் யூபிஐ ஆட்டோபே. கார்டில் போனால் கார்டு மேண்டேட். மூன்றுக்கும் கதவு வேறு வேறு.

யூபிஐ சுலபம். கூகுள் பேயிலோ போன்பேயிலோ நம் படத்தைத் தொட்டு உள்ளே போனால் ‘ஆட்டோபே’ என்று ஒரு இடம் இருக்கும். அங்கே ஓடிக்கொண்டிருக்கிற மேண்டேட் எல்லாம் வரிசையாகத் தெரியும். வேண்டியதைத் தொட்டு ரத்து கொடுத்து, யூபிஐ பின் போட்டால் முடிந்தது. பல மேண்டேட்டுகளில் ரத்துக்குப் பக்கத்திலேயே ‘நிறுத்திவை’ என்ற வழியும் இருக்கும். இதை நினைவில் வையுங்க, கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

கார்டாக இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னாடியே மெசேஜ் வந்தாக வேண்டும். அந்த ஒரு மாசத்தை மட்டும் தடுக்கவும், மொத்தமாக நிறுத்தவும் அதிலேயே வழி இருக்கும். விளம்பர மெசேஜ் என்று அழித்துவிடாதீங்க.

நாச் கொஞ்சம் மெனக்கெட வைக்கும். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யூஎம்ஆர்என் என்று 20 எழுத்து எண் உண்டு. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியில் இருக்கும். இல்லையென்றால் கிளையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்த எண்ணோடு ரத்துக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் உண்டா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. பிடித்தத் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாடியே இதைச் செய்தாக வேண்டும். ஏனென்றால் தொண்டு நிறுவனம் பிடித்தப் பட்டியலை முன்கூட்டியே வங்கிக்கு அனுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைதானே, பிடிக்க மாட்டார்கள் என்ற கணக்கும் செல்லாது. 2021 ஆகஸ்ட் 1-இலிருந்து நாச் எல்லா நாளும் ஓடுகிறது.

வங்கியில் நிறுத்தினால் மட்டும் போதாதுங்க. நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். நாலு வரி போதும்: “வணக்கம். என் நன்கொடையாளர் எண் இது. வருமானம் குறைந்ததால் அடுத்த மாதப் பிடித்தத்திலிருந்து என் நன்கொடையை நிறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். மேண்டேட்டை ரத்து செய்து மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். இந்த நிதியாண்டில் இதுவரை கொடுத்ததற்கான வரிச் சான்றிதழை உரிய காலத்தில் அனுப்பி வையுங்கள்.” வீட்டுக் கஷ்டத்தை விவரிக்கத் தேவையில்லை. பாதியில் நிறுத்தினாலும், கொடுத்த மாசங்களுக்குச் சான்றிதழ் வாங்க உரிமை இருக்கிறது. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு, 80ஜி என்று சொல்லிப் பழகின நன்கொடை வரிக் கழிவுக்கு அது வேண்டும். புதிய முறையில் அந்தக் கழிவு கிடையாது; வரி மிச்சத்துக்காக நன்கொடையைத் தொடர்கிறேன் என்பவர்கள் தாங்கள் எந்த முறையில் இருக்கிறோம் என்று முதலில் பார்க்கட்டும்.

எழுதின பிறகு போன் வரும். குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். முடிந்தால் சரி என்று சொல்லலாம், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லலாம். ஆனால் “ரத்து செய்து தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால் உடனே வையுங்க போனை. ரத்து செய்ய நாம் யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, யூபிஐ பின் நம்பரை நம் போனில் நாம்தான் போடுகிறோம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்க. ரத்து செய்த பிறகும் காசு போனால் வங்கியில் எழுத்தில் புகார். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448.

இனி வாக்குக்கு வருகிறேன். வாக்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் இது எந்த மாதிரி வாக்கு? மேண்டேட்டில் கையெழுத்துப் போட்டபோதே, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பதும் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. நன்கொடை கடன் இல்லை. நிறுத்தினால் சிபிலுக்குப் போகாது, நோட்டீஸ் வராது. தவணையும் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அப்படி இல்லை. பத்து வாக்குகள் ஒரே சம்பளத்தில் தொங்கும்போது, எதைத் தளர்த்தினால் யாருக்கும் கேடு குறைவு என்று பார்ப்பதுதான் பொறுப்பு.

காலித் தட்டு என்ற வாதம்தான் எனக்கும் நெஞ்சில் தைத்தது. அதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். இங்கே பெரிய நிறுவனம், சின்ன இல்லம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி வாங்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில், காசு அந்த ஊர்த் திட்டத்துக்குப் பொதுவாகப் போகிறது. ஒருவர் விலகினால் இன்னொருவரைச் சேர்ப்பார்கள். மாலிலோ பஸ் ஸ்டாண்டிலோ கையில் டேப்லெட்டோடு நின்றவரிடம் அவசரத்தில் போட்ட மேண்டேட் இருந்தால், நிறுத்த வேண்டியவற்றில் அதுதான் முதலாவது. பக்கத்து ஊரில் இருபது பிள்ளைகளையோ பத்து முதியவர்களையோ வைத்துப் பார்க்கிற சின்ன இல்லம் கடைசி. அங்கே மாசம் ஆயிரம் என்பது சிலிண்டருக்கோ அரிசிச் சிப்பத்துக்கோ என்று எடுத்து வைத்த காசு. அதை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நேரில் போங்க. ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க. கடைசித் தவணையைக் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்க. அந்த ஒரு மாசத்தில் அவர்கள் வேறு ஒருவரைப் பிடித்துவிடுவார்கள். தோட்டம் இருப்பவர்கள் தேங்காயோ காயோ கொண்டுபோகலாம். என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்க. கேட்காமல் ஆளாளுக்குத் தக்காளியைக் கொண்டுபோய் இறக்கினால் பாதி அழுகிப்போகும்.

கடைசி வாதம், நிறுத்தினவன் திரும்பத் தொடங்க மாட்டான் என்பது. உண்மைதானுங்க, பலர் தொடங்குவதில்லை. அதற்கு மனசைக் குற்றம் சொல்வதை விட, நிறுத்தின விதத்தைப் பார்க்க வேண்டும். தேதி வைக்காமல் நிறுத்துகிறோம். அதனால்தான் முன்னே சொன்ன ‘நிறுத்திவை’. மூன்று மாசத்துக்கு வையுங்க. நாலாவது மாசம் முதல் தேதிக்குப் போனில் அலாரம் போடுங்க. அன்றைக்கு வேலை நிலவரத்தைப் பார்த்து, நூறு ரூபாய்தான் முடியும் என்றால் நூறில் தொடங்குங்க. எடுத்துக்காட்டில் சொன்ன 5-ஆம் தேதி மாதிரி, தவணை போகிற தேதியை மட்டும் விட்டுவிடுங்க. மாசச் சம்பளக்காரர் சம்பளம் ஏறி இரண்டு நாள் கழித்து ஒரு தேதியும், சனிக்கிழமைச் சம்பளக்காரர் தவணை போய் ஒரு வாரம் கழித்து ஒரு தேதியும் கேட்டு வாங்குங்க. ஆட்டோபேயில் உச்ச வரம்பு 5,000 என்று போட்டு வந்தால் சம்மதிக்காதீங்க, கொடுக்கிற தொகைக்கே வரம்பு வையுங்க. முடிவுத் தேதி ஒரு வருசம் போதும். வருசம் முடிந்ததும் அவர்கள் கேட்கட்டும், நாம் நம் கையைப் பார்த்துச் சொல்லலாம்.

நன்றிங்க, வணக்கம்.