தரையில் உட்காருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வாத்து வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த இனம் வாங்கினால் நன்றாகப் பழகும்? பெக்கினா, காக்கி கேம்பெலா, ரன்னரா? இனத்துக்கு இனம் சுபாவம் மாறும், உண்மைதான். ரன்னர் சட்டென்று மிரளும், பெக்கின் நிதானமானது. ஆனால் பழக்கம் என்பது நீங்கள் குஞ்சுகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வருவது. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்ராட் லோரன்ஸ் என்றொரு ஆஸ்திரிய விஞ்ஞானி. பறவை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெருவாத்துக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் அவரையே தாயாக நினைத்துப் பின்னால் போயின. காட்டு வாத்துக் குஞ்சுகளோ அவரைக் கண்டாலே ஓடி ஒளிந்தன. குரல்தான் காரணமோ என்று யோசித்தவர், தாய் வாத்தைப் போலக் கத்திப் பார்த்தார். குஞ்சுகள் வந்துவிட்டன! ஆனால் நிமிர்ந்து நின்றால் போதும், அவரை விட்டுவிட்டுத் தாயைத் தேடி அழ ஆரம்பித்தன. கத்துவதை நிறுத்தினாலும் அதே கதி. ஆகவே உயரமான புல்லுக்குள் குந்தியபடி, விடாமல் கத்திக்கொண்டே நகர்ந்தார். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குப் புல் மறைத்ததால் குஞ்சுகள் தெரியவில்லை. தாடி வைத்த மனிதர் தவழ்ந்து கத்துவது மட்டும் தெரிந்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

அதில் இருப்பது இரண்டே விஷயம்: உயரம், குரல். மேலிருந்து இறங்கும் கை, குஞ்சுக்குப் பருந்து. அதனால் கையைத் தரையோடு தரையாக, உள்ளங்கை மேலே இருக்கும்படி வையுங்கள். எப்போதும் ஒரே சொல்லால் கூப்பிடுங்கள். என் முதல் குஞ்சுகள் மூன்று நாள் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தன. நான்காம் நாள் ஒன்று வந்து, என் சட்டைப் பொத்தானை அலகால் மென்று பார்த்தது. அன்றைக்கு நான் அசையவே இல்லை.

சரி, குஞ்சு வாங்கப் போகிறீர்கள். விற்பவர் பெட்டிக்குள் கை விடும்போது கவனியுங்கள். குஞ்சுகள் கையை நோக்கி வருகின்றனவா, மூலையில் குவிகின்றனவா? பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம், என்ன தீவனம் என்று கேளுங்கள். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நயாசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும். கோழித் தீவனம்தான் கிடைக்கிறது என்றால் அந்த வைட்டமின் நிறைந்த புரூவர்ஸ் ஈஸ்ட் என்ற தூளைக் கலந்து கொடுக்க வேண்டும். கொண்டை வாத்து என்றால் பெற்றோர் இரண்டுக்கும் கொண்டை உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால் கருக்களில் சுமார் கால் பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். அப்படி ஜோடி சேர்ப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

"இரண்டும் பெட்டைதான்" என்று ஒருவர் எனக்கு விற்றார். சில வாரங்களில் ஒன்று உரக்கக் கத்தியது, மற்றதற்கு வெறும் கரகரப்புதான் வந்தது. பிறகு அதன் வாலில் சிறகு சுருண்டது. ஆண்! எனக்குக் கோபம் விலையைப் பற்றியதல்ல. பார்த்தால் தெரியாது, ஆசனவாயைச் சோதிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்பவரை நம்புங்கள். "ஒற்றைக் குஞ்சு தர மாட்டேன்" என்பவரை இன்னும் அதிகமாக நம்புங்கள். தனியே வளர்ந்தால் அதிகம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துப் பலர் ஒன்றே ஒன்று வாங்குகிறார்கள். அது நாளெல்லாம் கூவித் தவிக்கும். ஆணாக இருந்தால், வளர்ந்தபின் மனிதரையே தன் ஜோடியாக நினைத்துத் துரத்தவும் செய்யும். இன்னொரு குஞ்சு கூட இருந்தாலும் உங்களோடு பழகும், நீங்கள் தரையில் உட்கார்ந்தால் போதும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்கும் பாத்திரம் மூக்குத் துளை முங்கும் அளவு ஆழமாக இருக்கட்டும். தாயில்லாத குஞ்சுக்குத் தாயின் சிறகெண்ணெய் கிடைக்காது, நனைந்தால் விறைத்துவிடும். ஆகவே நீந்த விட்டால் சில நிமிடம்தான், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. உடனே துடைத்துச் சூட்டில் விடுங்கள். வளர்ந்தபின் ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டையாவது இருக்க வேண்டும். வணக்கம்.