குறட்டை விடுற குழந்தை அசந்து தூங்குதுன்னு நினைச்சுடாதீங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சளிக்கோ காது வலிக்கோ குழந்தைய கூட்டிட்டு வர்றவங்க, எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, "அப்புறம் டாக்டர், இவன் அப்படியே தாத்தா மாதிரி குறட்டை விடுறான்"னு சிரிச்சுட்டே சொல்லுவாங்க. நான் திரும்ப உக்கார சொல்லிடுவேன்.

சளி பிடிச்சப்போ நாலு நாள் குறட்டை வந்தா அது வேற. சளி இல்லாமலே வாரத்துல 3 ராத்திரிக்கு மேல வந்தா காட்டியே ஆகணும். மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு, தொண்டையில ரெண்டு பக்கமும் டான்சில், 2 வயசுலருந்து 8 வயசு வரைக்கும் மூச்சுப் பாதை அளவுக்கு இந்த சதை ரொம்ப பெருசா இருக்கும், முழிச்சிருக்கும்போது தெரியாது, தூக்கத்துல தசை தளர்ந்ததும் வழிய அடைச்சுக்கும்.

ராத்திரி பக்கத்துல உக்காந்து பாருங்க. குறட்டை திடீர்னு நின்னு, நெஞ்சு மட்டும் உள்ள இழுத்து, அப்புறம் திணறி மூச்சு வாங்குதா? கழுத்தை பின்னாடி வளைச்சு, வாயத் திறந்து, தலகாணி நனையுற அளவு வேர்க்குதா? அதை அப்படியே போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க, எங்களுக்கு அது பெரிய உதவி. நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தாலும் மறக்காம சொல்லுங்க. பெரியவங்க தூக்கம் கெட்டா பகல்ல தூங்கி வழிவாங்க, குழந்தைங்க பல பேர் அதுக்கு நேர்மாறா ஒரு இடத்துல உக்காராம ஓடுவாங்க, கத்துவாங்க, அந்தப் பிள்ளைய அடங்காதவன்னு திட்டுறத பாக்கும்போது எனக்கு மனசே தாங்காதுங்க.

உறுதி பண்ண ஸ்லீப் ஸ்டடி இருக்கு, அதாவது தூங்கும்போது மூச்சு எப்படி போகுதுன்னு மெஷின்ல பதிவு பண்ணிப் பாக்குறது. பெரியவங்களுக்கு மணிக்கு 5 தடவை மூச்சு தடைபட்டாதான் நோய்னு கணக்கு, குழந்தைக்கு 1 தடவைய தாண்டினாலே நோய்னு கணக்கு.

உடனே ஆபரேஷனான்னு பயப்படாதீங்க. லேசா இருந்தா முதல்ல சில வாரம் மூக்கு ஸ்ப்ரே. ஆஸ்திரேலியாவுல 6 வாரம் பாத்ததுல, ஸ்டீராய்டு ஸ்ப்ரே போட்டவங்களுக்கும் வெறும் உப்புத்தண்ணி ஸ்ப்ரே போட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட பத்துல நாலு பேருக்கு தொந்தரவு போயிடுச்சு. ரொம்ப அதிகமா இருந்தா தள்ளிப்போடக் கூடாது, டான்சிலும் அடினாய்டும் எடுக்கிறதுதான் வழி. 2013ல அமெரிக்காவுல வெளியான ஆய்வுல, 5லருந்து 9 வயசு வரைக்கும் 464 குழந்தைங்க, 7 மாசம் கழிச்சு ஸ்லீப் ஸ்டடி நார்மல் ஆனது ஆபரேஷன் பண்ணவங்கள்ல 79 சதவீதம், பண்ணாம காத்திருந்தவங்கள்ல 46 சதவீதம். ரெண்டு நம்பரையும் நான் பெத்தவங்ககிட்ட சொல்லிடுவேன், ஏன்னா அவங்கதான் முடிவு எடுக்கணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் தொண்டை வலிக்கும், தண்ணி நிறைய குடிக்க வைங்க. வலிக்குன்னு கோடீன் கலந்த மருந்து மட்டும் குடுத்துடாதீங்க, சில குழந்தைங்களுக்கு மூச்சே நின்னுடும். 5லருந்து 10 நாளுக்குள்ள எச்சில்ல ரத்தம் வந்தா கொஞ்சம்தானேன்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

எடுத்தப்புறமும் சிலருக்கு குறட்டை தொடரும். எடை அதிகம், மூக்கு அலர்ஜி, சின்ன தாடைன்னு காரணம் வேற இருக்கலாம், சிலருக்கு ராத்திரி சிபேப் மாஸ்க், அதாவது காத்தை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதைய திறந்தே வச்சிருக்கிற மாஸ்க், தேவைப்படும். அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு வீடியோ எடுத்துட்டு திரும்ப வாங்க.