சுசுகி மலைக்குத் தாங்குமா? ஹட்டன், நுவரெலியா பக்கம் வேகன் ஆர் வச்சிருக்கவங்களுக்கு

வணக்கம் உறவுகளே. தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைன்னு நம்ம பக்கம் சின்ன கார் ஒண்ணு வாங்க நினைக்கிற எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான்: சுசுகி மலைக்குத் தாங்குமா? ஒருத்தர் தங்கமான வண்டின்னு சொல்லுவார். அடுத்த வீட்டுக்காரர் அதே வருஷம், அதே மொடல் வேகன் ஆர் வச்சிருப்பார், ஆனா அந்தப் பேச்சையே எடுக்காதீங்கன்னுவார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். வித்தியாசம் ரெண்டு ஒயில்ல இருக்கு. கியர்பொக்ஸ்ல இருக்கிற சிவிடி ஒயில் (சிவிடின்னா படிப்படியா கியர் இல்லாத ஓட்டோ கியர்பொக்ஸ்), அப்புறம் பிரேக் ஒயில். இந்த ரெண்டையும் நேரத்துக்கு மாத்துறவங்க திருப்தியா ஓட்டுறாங்க. எஞ்சின் ஒயிலை மட்டும் மாத்திட்டு மத்ததை மறந்தவங்கதான் நொந்து போறாங்க.

ஏன் அப்படின்னு புரியணும்னா, இந்தக் கம்பனி எதுக்காக இப்படி கார் செய்யுதுன்னு கொஞ்சம் பாக்கணும். மிச்சியோ சுசுகி 1909ல ஹமாமட்சுல தறி செய்யத் தொடங்கினவர். நெசவுத் தறிதான் அவங்க தொழில். 1920ல அது முறையான கம்பனியா பதிவாச்சு. முப்பதுகள்லயே கார் செய்யப் பாத்தாங்க, யுத்தம் வந்து நின்னு போச்சு. 1952ல 36 சிசி எஞ்சின் பூட்டின சைக்கிள் ஒண்ணு விட்டாங்க. 1954ல பேர் சுசுகி மோட்டார்னு மாறுச்சு, 1955ல முதல் கார் சுசுலைட் வந்துச்சு. 360 சிசி, டூ ஸ்ட்ரோக், முன் வீல்ல இழுக்கிற கார். அதை விக்கிறதுக்கு முன்னாடி மாதிரிக் காரை ஹமாமட்சுல இருந்து ஹாகொனே மலையைக் கடந்து டோக்கியோ வரைக்கும் ஓட்டியே பாத்தாங்க. அந்தக் காலத்துல அது கல்லும் குழியுமான ரோடு. இந்தப் பேர்ல வந்த முதல் காரே மலையில சோதிச்ச கார்ங்கிறதை நம்மாளுங்க தெரிஞ்சு வச்சிருக்கணும்.

அடுத்தது கெய் சட்டம். ஜப்பான்ல சின்ன காருக்கு வரி குறைவு, ஆனா அளவு மீறக் கூடாது. எஞ்சின் முதல்ல 360 சிசி, 1976ல 550, 1990ல 660. 1998ல இருந்து நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர். எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற டர்போ போட்டாலும் 64 குதிரை சக்திக்கு மேல ஜப்பான் கம்பனி எதுவும் போறதில்ல. அந்தக் கணக்கு 1987ல வந்த ஆல்டோ வேர்க்ஸோட தொடங்கினது. சுசுகி எஞ்சினியர்மார் பல வருஷமா செஞ்சுக்கிட்டு வர்ற வேலை, இந்தப் பெட்டிக்குள்ள பாரத்தைக் குறைக்கிறது. 1978ல ஒசாமு சுசுகி தலைவரானார், அடுத்த வருஷமே ஆல்டோவை 470,000 யெனுக்கு விட்டாங்க. தேவையில்லாத கிராம் ஒண்ணு கூட வண்டியில இருக்கக் கூடாதுங்கிறதுதான் அவர் கொள்கை. 2024 டிசம்பர்ல காலமாகுற வரைக்கும் அந்தக் கம்பனியோட முகமே அவர்தான்.

நம்ம நாட்டுக்கு சுசுகியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது மாருதி 800. இந்தியாவுல 1983 டிசம்பர்ல வெளிவந்த கார். 796 சிசி, மூணு சிலிண்டர். இன்னைக்கும் தோட்டத்து ரோட்டுல ஓடுது. கையால போடுற கியர், சாதாரண பிரேக், எந்த மெக்கானிக் பாஸும் திறந்து செய்யக்கூடிய எஞ்சின். அதுல டைமிங் செயின் கிடையாது, பெல்ட்டுதான். பழசு வாங்குறவங்க பெல்ட் எப்ப மாத்தினதுன்னு கேளுங்க, பதில் தெளிவா இல்லன்னா வாங்கின கையோட மாத்திடுங்க.

இப்ப வேகன் ஆர். 1993ல வந்த பேர், ஆனா நம்ம ரோட்டுல நிறைஞ்சிருக்கிறது 2014ல இருந்து 2018 வரைக்கும் செஞ்சது. 2020 மார்ச்ல இறக்குமதி நின்னு, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்ப வழி திறந்துச்சு. அதனால உங்க கைக்கு வர்றது பெரும்பாலும் வயசான வண்டிதான். எந்தத் தலைமுறைன்னு சேஸி நம்பர்லயே தெரியும். எம்எச்34எஸ்னா ஹைபிரிட் இல்லாதது. எம்எச்44எஸ்ல சின்ன உதவி மோட்டார் இருக்கு. எம்எச்55எஸ்தான் 2017ல வந்த ஹைபிரிட். மூணுலயும் இருக்கிறது ஆர்06ஏ எஞ்சின், 658 சிசி. டைமிங் செயின் உள்ளது, நல்ல எஞ்சின், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மஸ்டா ஃப்ளேர்னு ஒண்ணு பாத்தீங்கன்னா ஒதுக்காதீங்க. அது சுசுகி செஞ்சு குடுத்த வேகன் ஆரேதான், பார்ட்ஸும் அதேதான்.

சக்தியைப் பத்தி நேரா சொல்லிடுறேன். டர்போ இல்லாத ஆர்06ஏக்கு 52 குதிரை சக்தி. அது கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க காத்து அடர்த்தி ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிடும், எஞ்சினுக்குக் கிடைக்கிற சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். கையில மிஞ்சுறது 43 போல. நாலு பேர், ஏசி, பின்னால மரக்கறி மூட்டைன்னு நானுஓயாவுல இருந்து ஏறுனா கார் முனகத்தான் செய்யும். அதைப் பழுதுன்னு நினைச்சு கராஜுக்குக் கொண்டு போகாதீங்க. டர்போ உள்ள வேகன் ஆர் ஸ்டிங்ரேக்கு இந்த உயரத்துல இழப்பு குறைவு. அடிக்கடி குடும்பமா மலை ஏறுறவங்க காசு கொஞ்சம் கூடப் போனாலும் அதைத் தேடுறது நல்லது. பெற்றோல் கணக்கும் அப்படித்தான். ஜப்பான் சோதனைக் கணக்குல 2017 ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 33.4 கிலோமீட்டர்னு இருக்கும். அது மெஷின் உருளை மேல ஓட்டி எடுத்தது. நம்ம ஏத்தத்துல அதுல பாதி கிடைச்சா கார் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்.

சிவிடிக்கு வருவோம், முக்கியமான இடம் இதுதான். உள்ள ரெண்டு புல்லி, அதாவது கப்பி, நடுவுல இரும்புப் பெல்ட். அந்தப் பெல்ட்டை வழுக்காம புடிச்சிருக்கிறது ஒயிலோட அழுத்தம். ஏத்தத்துல மெதுவா, அழுத்தி ஓட்டும்போது ஒயில் சூடாகும். சூடு கூடக் கூட ஒயில் தன்மை கெட்டு, பெல்ட் லேசா வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினா இரும்புத் தூள் உதிரும், அந்தத் தூள் வால்வுக்குள்ள போய் மாட்டும். இப்படித்தான் கியர்பொக்ஸ் சாகுது. முதல் அறிகுறி, 20ல இருந்து 40 வேகத்துக்குள்ள ஒரு நடுக்கம். ரெண்டாவது, கியரை டி (D) போட்டு ஒரு வினாடி கழிச்சு டக்குன்னு இழுக்கும். மூணாவது ஒரு ஊளைச் சத்தம். மூணாவது வந்துட்டா ஒயில் மாத்தி மட்டும் தீராது.

"லைஃப்டைம் ஒயில், மாத்தவே தேவையில்ல"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஜப்பான் பராமரிப்புப் புத்தகங்கள்லயே மலைப்பாதை ஓட்டத்தைக் கடும் பாவனைன்னுதான் வச்சிருக்காங்க. நம்ம பக்கத்துக்கு 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்க. ஊத்த வேண்டியது சுசுகி சொன்ன சிவிடி ஒயில் மட்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயில், அதாவது ஏடிஎஃப், ஊத்தினா பெல்ட் வழுக்கும், சில நாள்லயே தெரிஞ்சிடும். கீழ நட்டைக் கழட்டினா உள்ள இருக்கிறதுல பாதி போலத்தான் வரும், மிச்சம் டோர்க் கொன்வேட்டர்ல தங்கிடும். ரொம்ப நாள் மாத்தாத காருக்கு ஒரு தடவை மாத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப மாத்துறது நல்ல முறை. மெஷின் வச்சு அழுத்தி ஃப்ளஷ் பண்ணுறதை இந்தக் காருக்கு நான் சொல்ல மாட்டேன். பழைய தூளைக் கிளப்பி வால்வுக்குள்ள தள்ளும்.

ஒயில் பேனைக் கழட்டினா உள்ள காந்தத் துண்டு ஒட்டியிருக்கும். நீங்க பக்கத்துல நின்னு அதைப் பாருங்க. காந்தத்துல சாம்பல் நிறத்துல பசை மாதிரி, விரல்ல தேய்ச்சா மையா இருந்தா அது சாதாரண தேய்மானம். விரல்ல குத்துற மாதிரி மின்னுற சீவல் கிடந்தா பெல்ட்டோ பெயாரிங்கோ போகத் தொடங்கிட்டு. காந்தத்தைத் துடைச்சு, புது கேஸ்கட் போட்டு மூடணும். லெவலை, எஞ்சின் ஓட, ஒயில் சூடான நிலையில பாக்கணும். குளிர்ல பாத்து நிரப்பினா கூடிப் போகும், கூடினா நுரைக்கும், நுரைச்சாலும் அழுத்தம் விழும்.

எஞ்சின் ஒயில் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஃபில்டரோட மொத்தமே இரண்டரை லிட்டர் சுத்தித்தான் புடிக்கும். அதனால அரை லிட்டர் குறைஞ்சாலே அஞ்சுல ஒண்ணு போயிட்டு. டிப்ஸ்டிக்கை மாசம் ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க.

பிரேக்குக்கு வருவோம். நுவரெலியால இருந்து ரம்பொடை வழியா கம்பளைக்கு இறங்குனா ஆயிரம் மீட்டருக்கு மேல கீழ வர்றோம். அவ்வளவு பாரத்தோட சக்தியும் எங்கயாவது சூடா போயாகணும். ஹைபிரிட் தானே, பெட்டரி புடிச்சுக்கும்னு சிலர் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற லித்தியம் பெட்டரி 12 வோல்ட், 10 ஆம்பியர் மணி. ஆளோட 900 கிலோ இருக்கிற கார் வெறும் ஐம்பது மீட்டர் உயரம் இறங்குற சக்தியே அதைக் காலியில இருந்து நிரப்பப் போதும். ரெண்டு மூணு பென்ட்டுல பெட்டரி நிறைஞ்சிடும், மிச்ச மலை முழுக்க உங்க பிரேக்தான்.

பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் மழையும் பனியும் சொல்லவே வேணாம். டொட் (DOT) 3ங்கிற வகை ஒயில் புதுசா இருக்கும்போது கொதிக்க குறைஞ்சது 205 பாகை வேணும். ஈரம் சேர்ந்தா அந்த அளவு 140க்கு வந்துடும். டொட் 4னா 230, ஈரத்துல 155. இறக்கத்துல காலை எடுக்காம மிதிச்சுக்கிட்டே வந்தா வீல்ல டிஸ்க்கைப் புடிக்கிற கெலிப்பர் பக்கம் ஒயில் கொதிச்சு ஆவியாகும். ஆவியை அமுக்க முடியும், அதனால பெடல் மெத்து மெத்துன்னு தரைக்குப் போயிடும், கார் நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒயில் முழுசா மாத்துங்க. டொட் 4 போடலாம், சேரும். டொட் 5 போடக் கூடாது, அது சிலிக்கோன்.

ஓட்டுற முறையும் மாறணும். இறக்கம் தொடங்குறதுக்கு முதலே கியரை எல் (L) போடுங்க, எஸ் (S) சுவிட்ச் உள்ளதுல அதையும் பாவிங்க. எஞ்சின் 3,000, 4,000 சுத்துல சத்தம் போடும். போடட்டும், அதனால எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. பிரேக்கை அழுத்தமா சில வினாடி மிதிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு முழுசா விடுங்க. எரிஞ்ச வாசம் வந்தா ஓரமா எடுத்து பதினைஞ்சு இருபது நிமிஷம் ஆற விடுங்க, டிஸ்க்ல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, வளைஞ்சிடும். நியூட்ரல்ல இறக்குறது வேணவே வேணாம்.

கூலன்ட்டும் இங்க முக்கியம். நுவரெலியா உயரத்துல வெறும் தண்ணி 94 பாகை போலயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தமும் கூலன்ட் கலவையும்தான் அதைத் தள்ளி வைக்குது. ஓடைத் தண்ணி ஊத்தினா உள்ள துரு கட்டும். வேகன் ஆர்ல சூடு காட்டுற முள் இல்ல. குளிர்ல நீல லைட், கூடினா சிவப்பு லைட். சிவப்பு மின்னினா ஏசியை அணைச்சு ஓரமா நிறுத்துங்க, மூடியைச் சூட்டோட திறக்காதீங்க.

ஐட்லிங் ஸ்டொப், அதாவது கார் நின்னா எஞ்சின் தானா அணையுற வசதி, உள்ள கார்ல முன்னால இருக்கிற பெட்டரி அதுக்குன்னே செஞ்ச வகை. விலை பாத்து சாதாரணது போட்டா சீக்கிரம் செத்துடும். எம்எச்44எஸ், எம்எச்55எஸ்ல அணைஞ்ச எஞ்சினைத் திரும்ப உசுப்புற மோட்டார் ஓடுறதும் பெல்ட்டுலதான், வெடிப்பு விழுந்தா உடனே மாத்துங்க.

மரக்கறி, சாமான் ஏத்துறவங்களுக்கு வேகன் ஆரை விட சுசுகியோட எவ்ரி பட்டி வேன் பொருத்தம். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில, தள்ளுறது பின் வீல். ஏத்தத்துல பாரம் பின்னால சாயும்போது பின் டயர் நல்லாப் புடிக்கும். வேகன் ஆர் முன் வீல்ல இழுக்கிறதால பாசி புடிச்ச தோட்டத்து ரோட்டுல பாரத்தோட நின்னு எடுத்தா சும்மா சுத்தும். எவ்ரியில ஏஜிஎஸ்னு எழுதியிருக்கிறதுல மட்டும் கவனம். உள்ள இருக்கிறது சாதாரண கிளச்தான், மெஷின் மிதிக்குது. ஏத்தத்துல எக்சலேட்டரால வண்டியைப் புடிச்சு வச்சா கிளச் எரிஞ்சிடும், ஹேண்ட் பிரேக் போடுங்க. மலைக்கு மெனுவல் கிடைச்சா அதை எடுங்க.

வாங்கப் போறவங்க ஓட்டிப் பாக்கிறதை டவுன்ல, சமதரையில முடிச்சிடாதீங்க. இருபது நிமிஷம் ஓட்டி ஒயில் சூடான பிறகு ஒரு செங்குத்தான ஏத்தத்துல நிறுத்தி, மெதுவா எடுங்க. நடுக்கம் இருந்தா அங்கதான் வரும். பிறகு காரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. ஜப்பான் பனி ஊர்கள்ல ரோட்டுக்கு உப்பு போடுவாங்க, அங்க ஓடின கார்ல சப்ஃப்ரேமும் (அடியில இருக்கிற இரும்புச் சட்டம்) பிரேக் குழாயும் துரு ஏறியிருக்கும். மேல பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் பிரேக் குழாய்ல செதில் செதிலா துரு இருந்தா விலை பேசாம திரும்பிடுங்க.